மீன்குஞ்சுகளை விடும் முன் காவிரியைப் பாருங்கள்: மீன்வளத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை அதிகாரிகளுக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை இரண்டு துறைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மீன் ஒரு துறையின் பொறுப்பிலும், அது வாழும் தண்ணீர் இன்னொரு துறையின் பொறுப்பிலும் இருப்பதுதான் காவிரி மீன்களுக்கு வந்த முதல் தொல்லை. மதகைத் திறப்பவரிடம் மீனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மீனுக்குக் கணக்குச் சொல்பவருக்கு மதகின்மேல் அதிகாரம் இல்லை. நான் ஈரோடு மாவட்டத்துக் காவிரிக் கரையில் வசிப்பவன், கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்கு எந்தச் சங்கமும் கட்சியும் கிடையாது. இந்த ஆற்றில் மீன் இருக்க வேண்டும், அதைப் பிடித்துப் பிழைப்பவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே என் அக்கறை.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் மீன்குஞ்சுகளை இருப்புச் செய்வதும் ஓர் அங்கம். ஆற்று மீன்வளம் குறைந்துவிட்டது என்பதை அரசே ஒப்புக்கொண்டு அதற்குப் பணம் ஒதுக்கியது நல்ல காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குஞ்சு விடும் நிகழ்ச்சியைப் படித்துறையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகள் வேனில் வந்து இறங்குகின்றன. ஒவ்வொரு பையிலும் விரலளவுக் குஞ்சுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. பையைக் கட்டியபடியே சற்று நேரம் ஆற்றில் மிதக்கவிட்டு, உள்ளே இருக்கும் நீரின் சூடும் ஆற்று நீரின் சூடும் ஒன்றான பிறகுதான் வாயை அவிழ்க்க வேண்டும். இதை உங்கள் துறையே மீன் வளர்ப்போருக்குச் சொல்லித் தருகிறது. நிகழ்ச்சியில் அதற்கு நேரம் இருப்பதில்லை. விருந்தினர் வந்ததும் பை கிழிகிறது, படம் எடுக்கப்படுகிறது, குஞ்சுகள் படிக்கட்டு ஓரத்து நீரில் கொட்டப்படுகின்றன. சில குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடிக்கும், சில நேரே கீழே போகும். சிறிது நேரத்தில் கொக்கும் நீர்க்காகமும் வந்துவிடும். மறுநாள் செய்தித்தாளில் இத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன என்று எண் வரும். ஆறு மாதம் கழித்து அவற்றில் எத்தனை உயிரோடு இருந்தன என்ற எண் எந்தச் செய்தித்தாளிலும் வந்து நான் பார்த்ததில்லை.

குஞ்சு விடுவது நமக்கு இவ்வளவு எளிதானதற்கு ஒரு வரலாறு உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆற்றில் புதுவெள்ளம் வர வேண்டும், நீர் கலங்க வேண்டும், கரையோரத் தாழ்வுகளில் தண்ணீர் பரவ வேண்டும். இவையெல்லாம் கூடி வந்தால்தான் அவை கூடும். 1957 ஜூலை 10 அன்று மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி, மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் செலுத்தி இந்த மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். நாட்டின் மீன் வளர்ப்பையே மாற்றிய சாதனை அது. இன்றும் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. குளத்தில் மீன் வளர்ப்பவருக்கு அந்த ஊசி வெள்ளத்தின் வேலையைச் செய்து கொடுத்தது. ஆற்றில் விடப்பட்ட குஞ்சு பெரிதாகி அடுத்த தலைமுறையைத் தர வேண்டுமானால் அங்கே ஊசி போட ஆள் இல்லை. அதற்கு வெள்ளமேதான் வேண்டும், வெள்ளம் பரவ இடமும் வேண்டும். ஆண்டுதோறும் குஞ்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால், விட்டவை அங்கே பெருகவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறென்ன பொருள்?

இந்தப் பாடத்தை உங்கள் துறை நூறாண்டுகளுக்கு முன்பே ஒருமுறை படித்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1907-ல் ஆங்கிலேய அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் மீன்வளத் துறை பிறந்தது. அப்போதே அதன் கவலைகளில் ஒன்று உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன்தான். கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறும் மீன். கொள்ளிடத்தில் அணைக்கரையில் கீழணை 1836-ல் எழுந்தது. நீருக்குக் குறுக்கே சுவர் வந்தபின் உல்லம் அதன் அடியில் முட்டி நின்றது, நின்ற இடத்திலேயே வலையில் வாரப்பட்டது. 1870-களில் மீனியலாளர் பிரான்சிஸ் டே இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதியபோதே, தடுப்பணைகள் வலசை மீன்களை அழிப்பதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். நிக்கல்சன் காலத்துத் துறை கொள்ளிடத்தில் உல்லத்தின் சினையை எடுத்துச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தது. கீழணையில் மீன் ஏணி அமைத்தும் பார்த்தார்கள். ஏணி பலிக்கவில்லை. ஐரோப்பாவில் தாவிக் குதிக்கும் சால்மனுக்கு என்று உருவான அமைப்பு அது, உல்லம் தாவுகிற மீன் அல்ல. மீனின் உடலையும் பழக்கத்தையும் அறியாமல் போட்ட செலவு தண்ணீரோடு போயிற்று.

பிறகு 1934-ல் மேட்டூர் அணை வந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டாவுக்கு அது சோறு போடும் அணை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆற்றின் கடிகாரத்தை அது மாற்றிவிட்டது. அணைக்கு முன்பு தென்மேற்குப் பருவமழை குடகில் பிடித்ததும் புதுநீர் செம்மண் நிறத்தில் இறங்கி வரும், ஆடியில் கரை தொடும். ஆடிப்பெருக்கு என்று நாம் கொண்டாடுவது அந்த வெள்ளத்தைத்தான். மீனுக்கும் அதுவே நாள் குறித்துக் கொடுத்தது. இப்போது நீர் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28, அதுவும் அணையில் இருப்பு இருந்தால். பண்டிகைக்காகத் தனியே தண்ணீர் திறந்துவிட்ட ஆண்டுகள் உண்டு. பெண்கள் முளைப்பாரி விடவும் தாலிக்கயிறு மாற்றவும் படித்துறையில் நீர் வேண்டும் என்று அரசு நினைத்தது சரியே. அதே நினைப்பில் சினைமீனுக்கும் இரண்டு நாள் நீர் ஒதுக்க முடியும் என்பதுதான் என் விண்ணப்பம்.

மேட்டூருக்குக் கீழே ஆறு ஓடுகிறது என்று சொல்வதே பல இடங்களில் பொருந்தாது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று மின் உற்பத்திக்கான கதவணைகள் வரிசையாக நிற்கின்றன. அதற்கும் கீழே மாயனூர், முக்கொம்பு, கல்லணை. ஒவ்வொரு கதவணைக்கும் பின்னால் நீர் தேங்கி நிற்கிறது. தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை படர்கிறது, அடியில் சேறு படிகிறது, ஜிலேபி மீன் (திலேப்பியா) பெருகுகிறது. பாறையிலும் கூழாங்கல்லிலும் ஓடும் நீரைத் தேடும் கெண்டை இனங்கள் அங்கே நிலைக்க முடியாது. மேலே போகலாம் என்றால் கதவு குறுக்கே நிற்கிறது. ஒரு காலத்தில் குடகிலிருந்து பூம்புகார் வரை ஒரே நீராக இருந்த ஆறு, மீனின் கணக்கில் பல குட்டைகளாகப் பிரிந்துவிட்டது.

இனி மடுக்களுக்கு வருகிறேன். இந்த மடலின் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் புறந்தள்ளினாலும் இதை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஜனவரி 28-க்குப் பிறகு குடிநீருக்கு விடும் சிறு ஓட்டம் தவிர ஆற்றில் நீர் இல்லை. மாசி, பங்குனி, சித்திரை என்று கோடை ஏற ஏற மணல் மேலே வருகிறது. அந்த மாதங்களில் மீன் எங்கே இருக்கிறது? மடுவில். ஆறு வளையும் இடத்தில், பாறை குறுக்கிடும் இடத்தில், வெள்ளம் பல நூறு ஆண்டுகளாகக் குடைந்து வைத்த ஆழம் அது. கரை மருதமரமும் நாவலும் மேலே நிழல் தரும். வேர்கள் நீருக்குள் இறங்கிக் கிடக்கும், வேர் இடுக்கில் குஞ்சுகள் ஒதுங்கும். அடியில் கல், மேலே குளிர்ந்த நீர். சித்திரை வெயிலில் ஆற்றோர நீரில் கால் வைத்தால் சுடும். அதே நேரத்தில் மடுவில் இறங்கினால் இடுப்புக்குக் கீழே சில்லென்று இருக்கும். அந்தச் சில்லென்ற அடுக்கில்தான் வாளையும் பெரிய கெண்டைகளும் கோடையைக் கழிக்கின்றன. அடுத்த ஜூனில் நீர் வரும்போது ஆற்றை மறுபடி நிரப்பப் போவது அந்த மடுவில் தப்பிய மீன்கள்தான். வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி அவை. வட்டியில் வாழலாம், முதலில் கை வைத்தால் தீர்ந்தது.

அந்த முதலில்தான் கை வைத்துவிட்டோம். மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்ட இடங்களில் பழைய மடுக்கள் வடிந்துபோயின. மணல் அள்ளிய குழியும் ஆழம்தானே, அதில் மீன் இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழிக்குச் சரிவும் இல்லை, நிழலும் இல்லை. களிமண் அடியும் செங்குத்துச் சுவரும்தான் மிச்சம். சுற்றிலும் சீமைக்கருவேலம். வெயில் நேரே இறங்கி நீர் கொதித்துப் பாசி பிடிக்கிறது. முட்டை ஒட்டவும் குஞ்சு ஒதுங்கவும் கல்லோ வேரோ கிடையாது. அங்கே ஜிலேபி வாழும், ஏனென்றால் அது வாயிலேயே முட்டையை வைத்துக் காக்கும் மீன். அதற்கு வீடு வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மிச்சமிருக்கும் நல்ல மடுக்களைக் குறிவைத்தே தோட்டா எறிகிறார்கள். மீன் பிடிக்க வெடிமருந்தும் விஷமும் பயன்படுத்துவதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. சட்டம் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் கோடை இரவில் ஆற்றங்கரை ஊர்களில் வெடிச்சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

ஒகேனக்கல் முதல் முக்கொம்பு வரை எத்தனை மடுக்கள் இருக்கின்றன, எவற்றில் சித்திரையிலும் நீர் நிற்கிறது, ஒவ்வொன்றிலும் என்னென்ன மீன் என்று ஒரு வரைபடம் வேண்டும். பெரிய கருவிகள் தேவையில்லை. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் 2012 முதல் இயங்குகிறது, அங்கே மாணவர்கள் இருக்கிறார்கள். பரிசல்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களுக்கு மடுவின் பெயரும் ஆழமும் மனப்பாடம். ஒரு கோடைக்காலத்தில் முடிக்கக்கூடிய வேலை. அப்படி அடையாளம் காணும் மடுக்களில் மணல் எடுப்பதையும், பங்குனி முதல் ஆனி வரை வலை போடுவதையும் நிறுத்த வேண்டும். கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை விதித்து நிவாரணத் தொகையும் தருகிறோம். ஆற்று மீனுக்கும் ஒதுங்கிப் பிழைக்கும் காலம் உண்டு, ஆற்று மீனவருக்கும் வயிறு உண்டு. தடையும் நிவாரணமும் சேர்ந்தே வர வேண்டும். தடை மட்டும் வந்தால் அது ஏழையின் வலையைப் பறிப்பதாகத்தான் முடியும்.

அடுத்தது, எந்த மீனை விடுகிறோம் என்பது. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் இந்திய மீன்கள்தான், ஆனால் அவற்றின் பிறப்பிடம் கங்கைச் சமவெளியும் வட இந்திய ஆறுகளும். காவிரிக்கு அவை கொண்டுவந்து விடப்பட்டவை. மேட்டூர், பவானிசாகர் போன்ற நீர்த்தேக்கங்களில் அவற்றை இருப்புச் செய்வதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ரங்கூன் வலை என்னும் செவுள்வலையோடு விடியுமுன் பரிசலில் போகிறவரின் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கட்லாவால்தான். அணை கட்டித் தேங்கிய நீர் புதிய நீர், அதில் வளர்ப்பு மீன் இருந்துவிட்டுப் போகட்டும். ஓடும் ஆற்றில் அவற்றைக் கொட்டி, நாட்டின மீன்வளத்தைப் பெருக்கினோம் என்று கணக்கெழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. காவிரிக்கே உரிய கெண்டைகள் பல உண்டு. அவற்றின் பழக்கமும் இனப்பெருக்கமும் கட்லாவினுடையவை அல்ல. அவற்றை ஆராயாமல் பொரிப்பகத்தில் எது கிடைக்கிறதோ அதை ஆற்றில் விடுவது மீன்வள மேலாண்மை ஆகாது.

வெளியிலிருந்து ஒரு மீனைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜிலேபியே போதும். 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குள் வந்தது. அமராவதி, வைகை, பவானிசாகர் என்று நம் நீர்த்தேக்கங்களை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜிலேபியைவிட வருத்தமான கதை ஒன்று காவிரியின் மேற்பகுதியில் நடந்திருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்த தவறு என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காவிரியில் திமில் உள்ள மஹ்சீர் ஒன்று உண்டு. முதுகு மேடிட்டு, செதில் பொன்னிறமாய், துடுப்பு செம்மஞ்சளாய், ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடிய கெண்டை. 1946-ல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. உலகின் வேறெந்த ஆற்றுப் படுகையிலும் இந்த மீன் இல்லை. அது அருகுகிறது என்று தெரிந்ததும், மகாராட்டிரத்தின் லோனாவாலாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். மஹ்சீர் குறைகிறது, மஹ்சீர் விடுவோம் என்ற எளிய கணக்கு. அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் என்னும் ஆய்வாளர்கள் 1998 முதல் 2012 வரை காவிரியின் கர்நாடகப் பகுதியில் தூண்டில்காரர்கள் பிடித்து மீண்டும் விட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் பதிவேட்டை எடுத்து ஆராய்ந்தார்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மஹ்சீர் பெருகியிருந்தது. எடையைப் பார்த்தால் சராசரி குறைந்திருந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெருகியது முழுக்க வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு. காவிரியின் சொந்த மீன் விழுந்துகொண்டே வந்திருந்தது. பிடிபட்ட சிலவும் பெரிய, வயதான மீன்கள், இளசுகள் இல்லை. முதியவர்கள் மட்டுமே மிஞ்சிய ஊருக்கு என்ன எதிர்காலமோ அதுதான் அந்த இனத்துக்கும்.

அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் எது என்பதே 2018-ல்தான் உறுதியானது: டோர் ரெமாதேவி. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய மீனியலாளர் ரெமா தேவியின் பெயரால் வழங்கும் இனம். அதே ஆண்டிலேயே அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதைச் சேர்த்தது. இத்தனை ஆண்டுகள் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்ந்திருந்தார்கள். ஆய்வு செய்யாமல் விட்ட ஒவ்வொரு குஞ்சும், காப்பாற்ற நினைத்த மீனின் இடத்தைப் பிடித்தது. அந்த மீனுக்குத் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம் மாயாறு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடிப் பவானிசாகரில் கலக்கிற மாயாறு. அங்கே எந்தப் பொரிப்பகத்து மஹ்சீரும், எந்தக் காரணத்துக்காகவும், விடப்படக் கூடாது என்று எழுத்தில் ஓர் ஆணை வேண்டும். அந்த ஆற்றுக்குச் செய்யக்கூடிய உதவி, நீரோட்டத்தையும் கரையையும் அப்படியே விட்டுவைப்பதுதான்.

மேகேதாட்டு பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. 67 டி.எம்.சி. கொள்ளளவில் அங்கே கர்நாடகம் முன்மொழியும் அணையைத் தமிழ்நாடு எதிர்ப்பது தண்ணீர்ப் பங்குக்காக. அந்த வாதத்தின் நியாயம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே மூழ்கப்போவது காட்டிலும் பாறையிலும் தடையின்றி ஓடும் காவிரியின் மிச்சப் பகுதி, திமில் மஹ்சீரின் கடைசி வீடுகளில் ஒன்று. நம் தரப்பு ஆவணங்களில் மீனுக்கும் ஓர் இடம் கொடுங்கள். அதற்கு, நம் பக்கத்து ஒகேனக்கலில் என்ன மீன், எவ்வளவு என்று நம்மிடமே நம்பகமான கணக்கு இருந்தாக வேண்டும். பக்கத்து வீட்டில் உள்ள மீனுக்காக வாதாடும்போது நம் வீட்டுக் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.

நீர்வளத் துறைப் பொறியாளர்களே, இனி உங்களிடம். மேட்டூரில் 16 கண் மதகு வழியே உபரிநீர் போகும் நாட்களில் பாலத்தில் கூட்டம் நெரியும். வரத்து குறைந்து மதகுகள் மூடப்பட்ட மறுநாள் அந்தப் பாறைகளுக்கு நடுவே போய்ப் பாருங்கள். வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்த மீன்கள் பாறைக்குழிகளில் மாட்டிக்கொண்டிருக்கும். முழங்கால் ஆழக் குழியில் ஆள் தொடை பருமனுக்குக் கெண்டை, முதுகு வெளியே தெரிய, செவுள் வேகவேகமாகத் திறந்து மூட நிற்கும். வெயில் ஏற ஏற நீர் சூடாகும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கும். பலவற்றின் வயிறு சினையால் புடைத்திருக்கும். சாக்குப்பையோடு வருபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, எப்படியும் சாகப்போகிற மீன் அது. ஒரு பொரிப்பகம் ஆண்டு முழுக்கப் பாடுபட்டு உண்டாக்கும் குஞ்சுகளைவிட அதிகமான சினை அந்தக் குழிகளில் ஒரே நாளில் வீணாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைத் தடுக்கக் கோடிகள் வேண்டாம். உபரிநீரை ஒரேயடியாக நிறுத்தாமல், ஓரிரு நாளில் படிப்படியாகக் குறைத்தால் மீன்களில் பெரும்பகுதி நீரோடு கீழே இறங்கிவிடும்.  அந்த நீரும் கீழே டெல்டாவை நோக்கித்தான் போகிறது. மதகு மூடும் நேரத்தை முன்கூட்டியே மீன்வளத் துறைக்குச் சொன்னால், மிஞ்சி மாட்டிக்கொண்ட மீன்களை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரைக் கொண்டு பிடித்து ஓடும் நீரில் விடலாம். கதவணைகளிலும் இதே முறைதான் வேண்டும். மின் தேவைக்காக ஒரே நாளில் நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், கரையோர ஆழமற்ற நீரில் இட்ட முட்டை காய்ந்துபோகிறது. இனப்பெருக்கக் காலமான ஆடி, ஆவணி மாதங்களில் மட்டுமாவது அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்க முடியுமா என்று மின்வாரியத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். புதிதாகத் தடுப்பணை கட்டும்போது நம் மீன்கள் ஏறக்கூடிய, சரிவு குறைந்த கால்வாய் வழி ஒன்றை வரைபடத்திலேயே சேருங்கள். கொள்ளிடத்து ஏணி செய்த தவறை மறுபடி செய்ய வேண்டாம். எந்த மீன், எந்த வேகத்து நீரில், எவ்வளவு உயரம் ஏறும் என்று முதலில் அளந்துவிட்டுக் கட்டுங்கள்.

வாழிடத்தையும் காலத்தையும் காத்தால் மீன் திரும்பும் என்பதற்கு உல்லமே சாட்சி, நம் ஊரில் இல்லாவிட்டாலும் வங்கதேசத்தில். அங்கே இளமீன் பிடிப்பதைத் தடை செய்தார்கள், ஆற்றுப் பகுதிகளைச் சரணாலயங்களாக அறிவித்தார்கள், முட்டையிடும் அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி 22 நாள் வலையை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தார்கள். 2002-03-ல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2017-18-ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆற்றில் குஞ்சு கொட்டி வந்த வளர்ச்சி அல்ல இது.

மீன்வளத் துறையிடம் நான் கேட்பது பெரிதல்ல. இனி ஆற்றில் விடும் குஞ்சுகளில் ஒரு பங்குக்காவது துடுப்பின் ஓரத்தைக் கத்தரித்தோ குறியிட்டோ விடுங்கள். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் பிடிபடும் மீன்களில் குறியுள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். அதற்கு ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் மீனவர் ஒருவருக்குச் சிறு ஊதியம் கொடுத்து, இனம், நீளம், எடை, பிடித்த இடம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னால் போதும். அணையில் குஞ்சுகளையும் வாரும், கண் சிறுத்த அலிவி என்னும் இழுவலை இழுப்பவர் யார், கண்ணை விரித்துப் போடுபவர் யார் என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். காவிரி ஆய்வில் பெரிய உண்மையைக் காட்டியது தூண்டில்காரர்களின் பழைய நோட்டுகள்தான் என்பதை மறக்க வேண்டாம். விட்ட குஞ்சுகளின் கணக்கோடு பிழைத்தவற்றின் கணக்கையும் சேர்த்து மக்களுக்கு வெளியிடுங்கள். பிழைத்தவை மிகக் குறைவு என்று தெரிந்தால், அந்தப் பணத்தை மடுக்களைக் காப்பதற்கும் கரையில் மருதும் நாவலும் நடுவதற்கும் தோட்டாக்காரர்களைப் பிடிப்பதற்கும் திருப்பலாம். பிழைத்தவை நிறைய என்று தெரிந்தால் நான் முதல் ஆளாக உங்களைப் பாராட்டி எழுதுவேன்.

வரும் ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இரண்டு துறைகளும் மேட்டூரில் ஒரு நாள் சேர்ந்து உட்கார வேண்டும். கதவணைகளை இயக்கும் மின்வாரியப் பொறியாளர்களும் பரிசல் மீனவர்களும் அங்கே இருக்க வேண்டும். மதகு மூடும் முறை, கோடையில் வலை போடக்கூடாத மடுக்கள், மாயாற்றில் இருப்புச் செய்வதற்குத் தடை ஆகிய மூன்றையும் அன்றே முடிவு செய்து எழுத்தில் வைக்கலாம். பவானி கூடுதுறை முதல் பள்ளிபாளையம் வரை உள்ள மடுக்களின் பெயர்களையும் இடங்களையும் நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் பரிசல்காரர்களிடம் கேட்டுத் தொகுத்து வைத்திருக்கிறோம். கேட்டால் அன்றே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
காவிரிக் கரையிலிருந்து
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்